வாடகைக்கு ஒரு விண்ணப்பம், கவுன்சில் டாக்ஸுக்கு இன்னொன்று

தம்பி, அகதி அந்தஸ்து கிடைத்து மனைவி பிள்ளைகளையும் லண்டனுக்குக் கூப்பிட்டுவிட்டீர்கள். கடை வேலைச் சம்பளம் வாடகையோடு முடிந்துபோகிறது, வீட்டுக்கு உள்ளூர் கவுன்சில் அறவிடும் வரியான கவுன்சில் டாக்ஸ் கடிதமும் வந்திருக்கிறது, அரசாங்கத்திடம் என்ன உதவி கேட்கலாம் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்களுக்கு உதவி எடுக்க உரிமை இருக்கிறது. மாணவர் விசா, வேலை விசா போன்றவற்றில் வந்தவர்களுக்குத்தான் 'நோ பப்ளிக் ஃபண்ட்ஸ்', அதாவது அரசாங்க உதவிக் காசு எடுக்கக்கூடாது என்ற தடை. சனம் இரண்டையும் குழப்பிக் கதைக்கும். ஆனால் நிரந்தர வதிவிட விதிகளை மாற்றும் யோசனைகள் 2025 நவம்பரில் வெளிவந்தன, ஆகவே உதவி எடுப்பது அதைப் பாதிக்குமா என்று உங்கள் வழக்கறிஞரிடமும் கேட்டுவிடுங்கள்.

பழைய ஆட்கள் 'ஹவுசிங் பெனிபிட் போடு' என்பார்கள், அது வாடகைக்கான பழைய உதவி. இப்போது அது பெரும்பாலும் ஓய்வூதிய வயதுக்காரருக்கும் தற்காலிக விடுதிகளில் இருப்போருக்கும்தான். உங்கள் வயதில் வாடகை உதவி, வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் தரும் யூனிவர்சல் கிரெடிட்டுக்குள் வரும். முதல் காசு வர ஐந்து கிழமை ஆகும். அதுவரை தாங்காது என்றால் முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பிறகு மாதாமாதம் கழிப்பார்கள். காசு உங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். வந்த அன்றே வாடகையை வீட்டுக்காரருக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலையை விடவேண்டாம். பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சம்பளத்தில் ஒரு தொகையைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். அதற்கு மேல் உழைக்கும் ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ்தான் குறையும். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடைக்காது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. யூனிவர்சல் கிரெடிட்டில் கவுன்சில் டாக்ஸ் சேராது. வருமானம் குறைந்தவர்களுக்கு அந்த டாக்ஸில் ஒரு கழிவு உண்டு. 2013 ஏப்ரலில் இருந்து அதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் விதிப்படி கொடுக்கிறது, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இது தெரியாமல் நான் பட்டிருக்கிறேன். 2018இல் என் வேலை மணித்தியாலத்தைக் குறைத்துவிட்டார்கள், மனுசிக்கு மூத்தவள் பிறந்து இரண்டு மாதம். யூனிவர்சல் கிரெடிட் கிடைத்ததும் எல்லாம் சரியென்று நினைத்து, கவுன்சில் கடிதங்களை உடைக்காமலே சமையலறை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். ஒருநாள் மனுசி ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கையில் வைத்தபடியே கதிரையில் இருந்துவிட்டாள். நீதிமன்ற அழைப்பாணை. டாக்ஸோடு நீதிமன்றச் செலவும் எங்கள் தலையில். விண்ணப்பம் போட்ட நாளில் இருந்துதான் கழிவு தந்தார்கள், போன மாதங்கள் போனதுதான்.

ஆகவே இரண்டையும் ஒரே நாளில் போடுங்கள். டாக்ஸை வழக்கமாகப் பத்துத் தவணையில் கட்டலாம். ஒன்றைத் தவறவிட்டு, நினைவூட்டல் கடிதம் வந்து ஏழு நாளில் கட்டாவிட்டால் அந்த வருசத்துக்கான மிச்சம் முழுவதையும் கேட்பார்கள். கட்ட முடியாவிட்டால் அந்த ஏழு நாளுக்குள்ளேயே கவுன்சிலுக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள். கூட்டாளி யாராவது தனியாக இருந்தால் 25 சதவீதத் தள்ளுபடி இருக்கிறது என்றும் சொல்லிவிடுங்கள், அதை வேலை விசாக்காரரும் கேட்கலாம்.

வீடு பெரிதாக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். தனியார் வாடகைக்கு உதவி தரும்போது, அந்தப் பகுதியின் மலிவான 30 சதவீத வீடுகளை வைத்துத்தான் உச்ச அளவு போடுகிறார்கள். 2024 ஏப்ரலில் உயர்த்திய அளவை 2025இல் கூட்டவில்லை. உங்கள் பொடியனுக்கு ஏழு வயது, பெட்டைக்கு நாலு; பத்து வயதுவரை ஆணும் பெண்ணும் ஒரே அறை என்றுதான் கணக்கு. மூன்று அறை வீடு எடுத்தாலும் இரண்டு அறைக் காசுதான் வரும், மிச்சம் உங்கள் சம்பளத்தில் இருந்து போகும்.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், வாடகையைக் கையில் காசாகக் கொடுப்பதாகச் சொன்னீர்கள். நம்மவர் வீடு என்ற நம்பிக்கையில் பலரும் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தமும் வங்கியில் கட்டிய தடயமும் இல்லாவிட்டால் வாடகை கொடுப்பதை எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்? இந்தக் கிழமையே வீட்டுக்காரரிடம் மரியாதையாகக் கேளுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் வேறு வீடு தேடத் தொடங்குங்கள், நானும் எங்கள் பக்கம் விசாரிக்கிறேன்.