அரைக்கைச் சட்டைக்கு ஒரு கடிகாரம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். பெங்களூரில் மென்பொருள் வேலை. வைகாசியில் கல்யாணம், ஊரில் எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. பெண் வீட்டில் கடிகாரம் வாங்கித் தருகிறார்கள். "எட்டு லட்சம் வரைக்கும் போகலாம், மாப்பிள்ளையே பிடித்ததைச் சொல்லட்டும்" என்கிறார் மாமனார். ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறேன். ஆபீசுக்கு ஜீன்ஸ், டி-ஷர்ட்டோடும் சரியாக இருக்க வேண்டும்; கோவில், கல்யாணம் என்று பட்டு வேட்டி கட்டும்போதும் எடுப்பாக இருக்க வேண்டும். யூடியூபில் பார்த்தவரை, விசேஷத்துக்கு மெல்லிய கடிகாரமும் தோல் வாரும்தான் மரபு, ஸ்டீல் செயின் எல்லாம் விளையாட்டுக்கு என்கிறார்கள். கார்ட்டியே டாங்க், ஒமேகா அக்வா டெர்ரா, ரோலெக்ஸ் எக்ஸ்ப்ளோரர் மூன்றில் வந்து நிற்கிறேன். டயல் வெள்ளையா, கறுப்பா? பின்னால் விற்றால் விலை நிற்குமா? உங்கள் அப்பா கடிகாரம் பழுது பார்த்தவர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

என்ன வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் போடுவதில்லை. உங்களுடையதையும் ஒதுக்கியிருப்பேன். 'தோல் வாரும்தான் மரபு' என்ற வரி விடவில்லை. போன மாதம் கானாடுகாத்தானில் ஓர் அறுபதாம் கல்யாணம். பந்திக்குப் போகிற இளவட்டங்களில் பாதிப் பேர் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாம் விலையுயர்ந்த கடிகாரம், எல்லாம் தோல் வார். வேர்வையில் ஊறி மணிக்கட்டில் ஒட்டுகிறதாம். விசேஷத்துக்கென்று வாங்கியது, விசேஷத்தன்று பைக்குள். அன்றிலிருந்து இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யாருடைய மரபு தம்பி இது? கோட்டு, அதற்குள் முழுக்கைச் சட்டை, அதன் மணிக்கட்டுப் பட்டிக்குள் கடிகாரம் சத்தமில்லாமல் நழுவிப் போக வேண்டும். அதனால்தான் மெல்லியது. வேர்க்காத ஊர், அதனால் தோல். குளிர் தேசத்துத் தையற்காரன் போட்ட விதி. அதுகூட அப்படியொன்றும் பழசில்லை. முதல் உலகப் போருக்கு முன்னால் ஆண்களுக்குச் சட்டைப்பைக் கடிகாரம்தான் கௌரவம். கையில் கட்டுவது பெண்கள் சமாசாரம் என்றிருந்தார்கள். பதுங்கு குழியில் கிடந்தவனுக்குப் பையில் கைவிட நேரமில்லாமல்தான் அது மணிக்கட்டுக்கு ஏறியது. நீங்கள் பட்டியலில் வைத்திருக்கும் டாங்க் 1917-ல் வரைந்தது. போர்க்களத்து டாங்கியை மேலிருந்து பார்த்த வடிவம் என்று அந்த நிறுவனமே சொல்லிக்கொள்கிறது. டாங்கியே மாப்பிள்ளைக் கோலத்துக்கு வரலாமென்றால் ஸ்டீல் செயினுக்கு மட்டும் என்ன தடை?

இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தியாவில் போலோ ஆடும்போது கடிகாரக் கண்ணாடி உடைந்துகொண்டே இருந்தது. அதற்காக முகத்தை உள்பக்கம் திருப்பிக்கொள்ளும்படி 1931-ல் செய்ததுதான் ஜெஜே லுகூல்த்ரின் ரிவர்சோ. இந்த மண்ணில் பட்ட அடிக்காகச் சுவிஸ்காரன் கடிகாரத்தையே புரட்டிப் போட்டான். நாம் என்னடாவென்றால் நம் வேர்வையை அவன் விதிக்கு அடக்கப் பார்க்கிறோம்.

அப்பாவுக்குக் காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கடை. கடை என்ன கடை, ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூல், ஒரு குண்டு பல்பு. செட்டியார் வீடுகளிலிருந்து கடிகாரங்கள் வரும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனவர்கள் கட்டியிருந்த வெஸ்ட் எண்ட், ஃபாவ்ரே லூபா, அப்புறம் பேரன்மார்களின் எச்எம்டி. அப்பா முதலில் கடிகாரத்தைக் காதில் வைக்க மாட்டார். வாரை மூக்குக்குக் கொண்டுபோவார். முகத்தைச் சுளித்தார் என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியும். வாரின் உள்பக்கம் வெள்ளையாக உப்புக் கோடு. பின்மூடியைத் திறந்தால் விளிம்பு நெடுகப் பச்சைக் களிம்பு. பித்தளைக் கூட்டின் மேல் முலாம் பூசிய காலம் அது. முலாம் போன இடத்தில் வேர்வை வேலையைக் காட்டிவிடும். மூங்கில் குச்சியைச் சீவி அந்தக் களிம்பைச் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். பக்கவாட்டில் திருகுகிற சாவியின் தண்டு துருவேறித் தொட்டால் ஒடியும். கடிகாரத்துக்குச் சொந்தக்காரர் கூச்சத்தோடு, "தண்ணியில எல்லாம் விடலையே" என்பார். "தண்ணியில விழுந்தா அன்னைக்கே தூக்கிட்டு வந்திருப்பீங்க. வேர்வை அஞ்சு வருசமா குடிச்சிருக்கு, உங்களுக்குத் தெரியல" என்பார் அப்பா. ஒருத்தர் கைக்குட்டையை நாலாக மடித்து வாருக்கு அடியில் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார். ஊர் சிரிக்கும். அப்பா சிரிக்க மாட்டார். அவருடைய கடிகாரம் ஒன்றுதான் திறந்தால் உள்ளே பளிச்சென்று இருக்கும்.

உங்கள் விசேஷத்தை யோசித்துப் பாருங்கள். வைகாசி. வளவில், உள்முற்றத்தைச் சுற்றி, ஆயிரம் பேர். நடுவில் ஹோமப் புகை. பிள்ளையார்பட்டிக்குப் போனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டுகிறவர்கள். கடிகாரத்தை ஒளித்துவைக்க அங்கே சட்டைக் கையே கிடையாது. வெறும் கை, அதில் கடிகாரம். மரியாதை அதிகமாக ஆக நம் ஊரில் துணி குறைகிறது. அவன் ஊரில் கூடுகிறது. இது புரியாமல் விசேஷத்துக்கு ஒன்று, சாதாரணத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டு தலையைப் பிய்த்துக்கொள்கிறீர்கள். நமக்கு இரண்டும் ஒரே வெயில்தான்.

ஆகவே செயின். சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும், சந்தனமானாலும் சாம்பாரானாலும் போய்விடும். தோலில் ஏறிய உப்பை எந்தச் சோப்பும் எடுக்காது. கழுத்துப் பட்டையோடு வெளிநாட்டு விருந்துக்குப் போகிற அன்று மட்டும் தோல் வாரை மாற்றிக்கொள்ளுங்கள், ஐந்து நிமிட வேலை. செயினிலும் ஒன்று கவனிக்க வேண்டும். நம் வெயிலில் மத்தியானத்துக்குள் மணிக்கட்டு உப்பிவிடும். காலையில் தளர்வாக இருந்தது மூன்று மணிக்கு இறுக்கும். கருவி எதுவும் இல்லாமல் கொக்கியிலேயே கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். எக்ஸ்ப்ளோரரில் இருக்கிறது, 5 மில்லிமீட்டர் நீளும். யூடியூப்காரர்கள் இதைப் பற்றிப் பேசுவதைவிட டயலின் நீலத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

அடுத்தது சாவி. வேர்வையும் தண்ணீரும் உள்ளே போகும் முதல் வாசல் அதுதான். திருகி மூடுகிற சாவியாக இருந்தால் நிம்மதி. 1926-ல் ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் என்று கொண்டுவந்தது இதைத்தான். மறு வருடம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயில் இறங்கியபோது அந்தக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனார். குளிர் தாங்காமல் அவரைப் பாதியில் தூக்கிவிட்டார்கள், கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரக்காரர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. 30 மீட்டர் என்று போட்டிருந்தால் கை கழுவலாம், தூறலில் நனையலாம், அவ்வளவுதான். 30 மீட்டர் ஆழத்தில் குதிக்கலாம் என்று அர்த்தமில்லை. டாங்க் அந்த ரகம். எக்ஸ்ப்ளோரர் 100, அக்வா டெர்ரா 150. ஊருணியில் குளிக்கிற ஆசை உங்களுக்கு இருந்தாலும் இவை இரண்டும் தாங்கும். அக்வா டெர்ராவுக்குக் காந்தம் அண்டாது என்பது கூடுதல் லாபம். நாள் முழுக்க மடிக்கணினியின் மேல் கையை வைத்திருக்கும் உங்களுக்கு அது உதவும்.

கடிகாரத்தின் குறுக்களவு 36, 38 மில்லிமீட்டர் போதும். ஆண்களுக்கு 36 மில்லிமீட்டர்தான் பல காலம் பெரிய அளவாக இருந்தது. 1945-ல் வந்த டேட்ஜஸ்ட் அந்த அளவுதான். 42 கட்டிய மணிக்கட்டுகளைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது.

டயல் நிறம் உங்கள் இஷ்டம். விலை நிற்குமா என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. தாலி ஏறும் முன்னே கல்யாணக் கடிகாரத்துக்கு விற்பனை விலை பார்க்கிறீர்களே! கொண்டுவிற்கப் போன பரம்பரைதான், அதற்காக இதையுமா?

கடைக்குப் போகும்போது அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். ஏசியில் எல்லாக் கடிகாரமும் பொருந்தும். வெயிலில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, கை உப்பியிருக்கும்போது மாட்டிப் பாருங்கள். கையை மடக்கி நீட்டுங்கள், புறங்கையில் சாவி குத்தக் கூடாது. எக்ஸ்ப்ளோரர், அக்வா டெர்ரா இரண்டில் எது குத்தவில்லையோ அது.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் விட மனசில்லை. உங்கள் கடிதத்தில் மாமனார் இருக்கிறார், அவருடைய எட்டு லட்சம் இருக்கிறது, மூன்று கடிகாரங்களின் பெயர் இருக்கிறது. அந்தப் பெண் கடிகாரம் கட்டுவாரா, என்ன பிடிக்கும் என்று ஒரு வரி இல்லை. நல்ல பிள்ளை மாதிரி எழுதுகிறீர்கள், அதனால்தான் கோபம் வருகிறது. மாமனார் காசை மாமனாரிடமே விட்டுவிடுங்கள். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃபே தொடங்கியதுதான் டியூடரும். அந்தப் படிக்கு இறங்கினால் உங்கள் சொந்தச் சம்பளத்திலேயே ஒன்று வாங்கலாம். கொஞ்சம் பொறுத்தால் அந்தப் பெண்ணுக்கும் ஒன்று. இன்றைக்கு ராத்திரி போன் பண்ணி அவரிடம் கேளுங்கள். வேண்டாம், தனக்கு செல்போனே போதும் என்று சொன்னாலும் சொல்லுவார். சொன்னால் அதை எனக்கு எழுதுங்கள், எனக்கு அவரைப் பிடித்துப்போகும்.