பழுதுபார்க்க அனுப்பிய கைப்பேசி: வீட்டை விட்டுப் போனபோது அதன் நிலை என்ன?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் வசிக்கிறேன். இணையத்தில் 23,000 ரூபாய்க்கு வாங்கிய கைப்பேசி ஏழாவது மாதத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இல்லாததால் தயாரிப்பு நிறுவனமே கூரியர் ஆளை வீட்டுக்கு அனுப்பி வாங்கிக்கொண்டது. சில நாள் கழித்து, உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, திரையிலும் விரிசல் இருக்கிறது, வாரண்டி செல்லாது, 11,500 ரூபாய் கட்ட வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. நான் கொடுத்தபோது விரிசல் இல்லை; தண்ணீரும் படவில்லை. வாடிக்கையாளர் மையத்தில் என்னைப் பொய்யன் என்பதுபோலப் பேசினார்கள். மறைந்த என் தாயாரின் படங்கள் அதில்தான் உள்ளன. இப்போது பாதித் தொகை கட்டினால் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். வழக்குப் போட்டு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: தொலைபேசியில் பேசிய ஊழியரின் தொனி உங்களை எவ்வளவு புண்படுத்தியிருந்தாலும், அதை வைத்து வழக்கு நிற்காது. 5 லட்சத்தையும் மறந்துவிடுங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் நிரூபிக்கப்பட்ட இழப்பைப் பார்த்துத்தான் தொகை தரும். 23,000 ரூபாய்ப் பொருளுக்கு 5 லட்சம் கேட்கும் மனு, நியாயமான கோரிக்கையையும் சந்தேகத்தோடு பார்க்க வைத்துவிடும்.

உங்கள் வழக்கின் உயிர்நாடி, நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்ட செய்தியில் இருக்கிறது: கூரியர் ஆளை அனுப்பியது நிறுவனம். அப்படியானால் அந்த ஆள் அவர்களுடைய முகவர். அவர் கையில் கொடுத்த நிமிடமே நிறுவனத்திடம் ஒப்படைத்ததாகிவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 148, 151 ஆகிய பிரிவுகளின்படி, பிறர் பொருளைக் குறிப்பிட்ட நோக்கத்துக்காகப் பெற்றுக்கொண்டவர், விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிக் காப்பாரோ அப்படிக் காக்க வேண்டும். விரிசல் இல்லாமல் கொடுத்தீர்கள் என்பதை நீங்கள் காட்டிவிட்டால், விரிசல் எப்படி வந்தது என்று விளக்கும் சுமை அவர்கள் தலையில் விழுகிறது. இதே கைப்பேசியை நீங்களே கூரியரில் பதிவுசெய்து அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. ரசீதில் கையெழுத்திட்டவர் அதில் அச்சிட்டிருக்கும் பொறுப்பு வரம்புக்குக் கட்டுப்பட்டவர் என்று பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வரம்பு பெரும்பாலும் பொருளின் விலையில் சிறு பங்குகூட இராது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: பெட்டிக்குள் வைக்கும் முன் முன்பக்கமும் பின்பக்கமும் தெரியப் படம் எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்பதை எஸ்.ஜி.எஸ். இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-இல் மீண்டும் உறுதிப்படுத்தியது. வேறொருவரின் கைப்பேசியில் எடுத்த மங்கலான படமாக இருந்தாலும், தேதியோடு இருந்தால் அது உங்களுக்கு ஆயிரம் வாதங்களுக்குச் சமம்.

விரிசலுக்குப் படம் போதும், தண்ணீருக்குப் போதாது. என்னிடம் வந்த பலர் தோற்றது இந்த இடத்தில்தான். நிறுவனம் கைப்பேசியைப் பழுதுபார்க்காமல் திருப்பி அனுப்பும். கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளர், "தண்ணீரே படவில்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டு அதை நேரே கடைத்தெருவில் உள்ள மொபைல் கடைக்கு எடுத்துப் போவார். கடைக்காரரும் நல்லெண்ணத்தோடு பின்மூடியைக் கழற்றிப் பார்த்து, லெட்டர்பேடில் இரண்டு வரி எழுதித் தருவார். வழக்கு அந்த நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நீர் பட்டால் நிறம் மாறும் சிறு ஒட்டுத்தாள் உள்ளே இருக்கிறது. அது சிவந்தது நிறுவனத்திடம் போவதற்கு முன்பா, அங்கிருந்து வந்த பின்பா என்பதை அதற்குமேல் எவராலும் சொல்ல முடியாது. வெளியாள் திறந்த கைப்பேசி என்ற ஒரே வாதத்தை வைத்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதாக வெளியேறிவிடுவார். அந்தக் கடிதத்தை எழுதியவரோ சாட்சி சொல்ல வரமாட்டார்.

அதனால் வெளியாரைத் திறக்க விடாமல் ஆணையத்திடமே ஆய்வு கேளுங்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 38-ஆம் பிரிவு, பொருளை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் தருகிறது. அதற்கான கட்டணத்தை முதலில் கட்ட வேண்டியவர் நீங்கள். ஆய்வு தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; அதை நம்பித் திட்டமிட வேண்டாம் என்பது என் அனுபவம்.

இரண்டாவது கண்ணி, நிறுவனம் அனுப்பும் இணைப்பு. அதில் "மதிப்பீட்டை ஏற்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினால், தண்ணீர் புகுந்ததை ஒப்புக்கொண்டதாக அவர்கள் வாதிடுவார்கள். திரும்பி வரும்போது பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்வதும் அப்படித்தான்.

இப்போது வெளிப்படையாகச் சொல்கிறேன். தேதியுள்ள படம் இல்லையென்றால் பாதித் தொகையை, அதாவது 5,750 ரூபாயைக் கட்டிச் சமரசமாகப் போய்விடுங்கள். தண்ணீரைப் பற்றிய தகராறில் ஆய்வறிக்கை எந்தப் பக்கம் சாயும் என்று என்னால் உறுதி தர முடியாது. தோற்றால் கைப்பேசியும் போகும், செலவும் உங்களுடையது. படம் இருந்தால், அதை இணைத்து, விரிசல் என் பொறுப்பில்லை, உள்பழுதை மட்டும் பேசலாம் என்று எழுதுங்கள். தொகை இன்னும் இறங்கும். இறங்காவிட்டால் மட்டும் ஆணையத்துக்குப் போகலாம். விற்பனையாளரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க மறக்காதீர்கள். காலவரம்பு இரண்டு ஆண்டு; நிறுவனத்தோடு நடத்தும் மின்னஞ்சல் போக்குவரத்து அதை நீட்டித்துவிடாது.

எந்த வழியில் போனாலும், தாயாரின் படங்களுக்காக இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். கைப்பேசியின் சேமிப்பகம் மதர்போர்டில்தான் இருக்கிறது. போர்டை மாற்றினால் படங்களும் அதோடு போகும், மாற்றிய பாகம் நிறுவனத்துக்கே உரியது என்று வாரண்டி விதிகளில் பெரும்பாலும் எழுதியிருக்கும், தரவு இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரியும் கூடவே இருக்கும். எனவே என் எழுத்துப்பூர்வச் சம்மதமின்றி ரீசெட் செய்யவோ போர்டை மாற்றவோ கூடாது என்றும், மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழைய போர்டை என்னிடம் தர வேண்டும் என்றும் எழுதி, அதற்குப் பதில் வரும் வரை எந்தத் தொகையும் கட்டாதீர்கள். சமரசக் கடிதத்தில் இந்த வாக்கியம் இடம்பெற வேண்டும். 5,750 ரூபாய், தண்ணீர் புகுந்ததை ஏற்றுக்கொண்டு கட்டும் தொகையன்று என்ற வாக்கியமும் இடம்பெற வேண்டும்.