தலைப்பை அவர்களே எழுதட்டும்

கேள்வி: ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைத் தாங்களாகவே கூட்டம் நடத்த விட்டுப் பார்க்க ஆசை. யாருமே வாய் திறக்காவிட்டால்? இல்லை, பாதிப் பேர் அரட்டையில் இறங்கிவிட்டால்?
– ஓர் ஆசிரியை

பதில்: இரண்டுமே நடக்கும், பயப்படாதீர்கள். 1985-இல் அமெரிக்கரான ஹாரிசன் ஓவன் தொடங்கிவைத்த ‘ஓப்பன் ஸ்பேஸ்’ முறை உங்களுக்குச் சரியாக வரும். எல்லோரும் வட்டமாக உட்கார, நடுவில் வெற்றுத் தாள்களும் மார்க்கரும். பேச விஷயம் இருப்பவர் எழுந்து வந்து, அதை எழுதி, தன் பெயரையும் போட்டு, உரக்க வாசித்துவிட்டு, சுவரில் நேரமும் இடமும் குறித்த கட்டத்தில் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில், அந்த இடத்தில், அதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்களைக் குழுவாகக் கூட்டுவது அவர் பொறுப்பு. முதல் ஆள் எழுந்து வர நேரமாகும், அந்த அமைதியில் ஆசிரியர்களுக்குத்தான் நாக்கு துறுதுறுக்கும். நீங்கள் ஒரு தலைப்பை எடுத்துக் கொடுத்தீர்களோ, அது மறுபடி வகுப்பாகிவிடும்.

இங்கே கற்கவோ சொல்லவோ ஒன்றுமில்லை என்று தோன்றினால் வேறு குழுவுக்கு நடையைக் கட்டலாம் என்பதுதான் இதன் ஒரே சட்டம். அரட்டைக் குழுவைக் கண்டுகொள்ளாதீர்கள். அப்புறம், கழிப்பறை நிலைமை, தேர்வு அட்டவணை என்று தலைமையாசிரியருக்குப் பிடிக்காத தலைப்புகள் கட்டாயம் வரும். எதையெல்லாம் மாற்ற முடியும் என்று அவரிடம் முன்னாடியே கேட்டுவைத்து, பிள்ளைகளிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.