ஊசி குத்திவிட்டால் யாருக்கு என்ன பரிசோதனை?

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். ரத்தம் எடுத்த ஊசி நம் விரலில் குத்திவிட்டால், குழாயில் மிச்சமிருக்கும் ரத்தத்தை நோயாளிக்குச் சொல்லாமலே எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுப்பலாமா? முடிவு வந்தபின் மருந்து எடுத்தால் போதும் என்கிறார்களே?

பதில்: இரண்டும் தவறு. இரண்டாவது உங்களுக்கே ஆபத்து.

குத்தியதும் கையுறையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பதற்றத்தில் விரலைப் பிதுக்குவது, வாயில் வைத்துச் சப்புவது, டெட்டால் ஊற்றுவது எதுவும் வேண்டாம். தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தின் முதல் மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். 72 மணி நேரம் தாண்டினால் கொடுப்பதில்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ரவிர் மூன்றும் சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று, 28 நாள். குடியாத்தத்திலிருந்து அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் பஸ் மாறிப் போவதற்குள்ளேயே அந்த 2 மணி நேரம் கரைந்துவிடும். அதனால் முதல் சில நாளுக்கான மாத்திரை உங்கள் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும். ஊழியருக்கு இந்த மருந்தைத் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமே சொல்கிறது. தயங்காமல் கேளுங்கள்.

நோயாளியின் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை கூடாது என்பதும் அதே சட்டம்தான். குத்துப்பட்டவர் போய்க் கேட்க வேண்டாம்; மருத்துவர் கேட்கட்டும். “எங்கள் ஊழியருக்கு ஊசி குத்திவிட்டதுங்க. அவருக்கு என்ன மருந்து தருவதென்று பார்க்க உங்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கணும். முடிவை வெளியே சொல்ல மாட்டோம், செலவு எங்களுடையது, வேண்டாமென்றாலும் உங்கள் வைத்தியம் நிற்காது.” இப்படிச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி மூன்றையும் பார்க்க வேண்டும். எச்.ஐ.வி. இல்லையென்று வந்து, அண்மையில் தொற்றியிருக்கும் சந்தேகமும் இல்லையென்றால் மருத்துவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். நோயாளி மறுத்தால் மாத்திரை தொடர்வதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்வார்.

அன்றே உங்கள் ரத்தத்தையும் கொடுத்து, பதிவேட்டில் நேரத்தோடு எழுதி வையுங்கள். பிறகு வந்தது எது, முன்பே இருந்தது எது என்று பிரிக்க அதுதான் ஆதாரம். மாத்திரை முடிந்தபின் 3, 6 மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும்.

எல்லோரும் எச்.ஐ.வி.க்கே பயப்படுகிறார்கள். தொற்றுள்ளவரின் ஊசி குத்தினால் அது 1,000 பேரில் சுமார் 3 பேருக்குத்தான் வரும். தடுப்பூசி போடாதவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி 100-இல் 6 முதல் 30 பேருக்கு வரலாம். 3 தவணை போட்டிருந்தாலும் ரத்தத்தில் அந்த நோய்க்கான எதிர்ப்புச் சக்தியின் அளவு (anti-HBs) 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசியே போடாதவர் என்றால், தொற்றுள்ளவரின் ஊசி குத்திய 24 மணி நேரத்துக்குள் இம்யூனோகுளோபுலினும் (தயார் நிலை எதிர்ப்புப் பொருள் ஊசி) தடுப்பூசியின் முதல் தவணையும் போட வேண்டும். ஹெபடைட்டிஸ் சி-க்குத் தடுப்பு மருந்து கிடையாது; ஆனால் 3 முதல் 6 வாரத்தில் கிருமியையே தேடும் ரத்தப் பரிசோதனை செய்து கண்டுபிடித்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடாதீர்கள். படுக்கை அருகிலேயே நீடில் கட்டரில் வெட்டி, துளையாத வெள்ளை டப்பாவில் போடுங்கள். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் மாற்றிவிடுங்கள்.