பழைய கடவுச்சொல்லால் நுழைந்தால் அது கணினிக் குற்றமா?

வேலையிலிருந்து விலகிய ஊழியர் ஒருவர், முடக்கப்படாமல் விடப்பட்ட பழைய கடவுச்சொல்லைக் கொண்டு நிறுவனத்தின் மின்னஞ்சலைத் திறந்து, வாடிக்கையாளர் பட்டியலை நகலெடுத்துச் சென்றிருக்கிறார். எந்தப் பாதுகாப்பையும் உடைக்காத இச்செயலைப் புகாரில் ‘கணினிக் குற்றம்’ என்று எழுதலாமா என்பது வாசகர் ஒருவரின் கேள்வி.

எழுதலாம்; ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. கணினிக் குற்றம் என்பது பல செயல்களுக்கான பொதுப்பெயர். 2001-இல் புடாபெஸ்டில் கையெழுத்தான சைபர் குற்றங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை, அனுமதியற்ற நுழைவு, தகவல் பரிமாற்றத்தை இடைமறித்தல், தரவை அழித்தல் அல்லது மாற்றுதல், கணினி அமைப்பின் இயக்கத்தைக் குலைத்தல் ஆகியவற்றை ஒரு பிரிவிலும், கணினிவழி மோசடியையும் போலி ஆவணம் புனைதலையும் வேறொரு பிரிவிலும் வைக்கிறது. மின்னஞ்சலில் வந்ததாலேயே ஒரு கொலைமிரட்டல் முதல் பிரிவில் சேர்ந்துவிடாது. அதற்கு வழக்கமான குற்றச் சட்டமே பெரும்பாலும் போதும்.

உங்கள் வழக்கை ஒத்த ஒன்று பிரிட்டனில் நடந்தது. பிறருடைய கடவுச்சொல்லைக் கொண்டு பிரெஸ்டெல் என்னும் தகவல் சேவைக்குள் நுழைந்த இருவரைப் போலி ஆவணச் சட்டத்தின் கீழ் தண்டிக்க இயலாது என்று 1988-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அந்த இடைவெளியை நிரப்பவே, அனுமதியின்றி நுழைவதையே குற்றமாக்கும் தனிச் சட்டம் 1990-இல் அங்கே இயற்றப்பட்டது.

ஆகவே, வழக்கின் உயிர்நாடி ‘அனுமதி’தான். கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறது என்பது நுழைய அனுமதி இருக்கிறது என்று பொருளாகாது. பணியில் இருப்பவர் தமக்குரிய அனுமதியைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் நிலைமை சிக்கலாகும். காவல்துறைத் தரவுத்தளத்தைப் பணத்துக்காகத் தேடிய அதிகாரியின் செயல் 1986-ஆம் ஆண்டின் கணினி மோசடிச் சட்டத்தின் கீழ் வராது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-இல் கூறியது. அதனால், உங்கள் முன்னாள் ஊழியர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட தேதியைக் காட்டும் கடிதத்தை நான் முதல் ஆவணமாக வைப்பேன்.

புகாரில் எந்தக் கணக்கில், எப்போது, எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்) நுழைந்தார், எதை எடுத்தார் என்று நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள்; சட்டத்தின் எந்தப் பிரிவு பொருந்தும் என்பதை விசாரணை அதிகாரி முடிவு செய்வார். உள்நுழைவுப் பதிவுகள் சில வாரங்களிலேயே தாமாக அழிந்துவிடக்கூடும் என்பதால் அவற்றை இன்றே பதிவிறக்கி, திருத்தாமல் வையுங்கள். பட்டியல் அங்கே இருக்கிறதா என்று பார்க்க அவருடைய சொந்த மின்னஞ்சலைத் திறக்க மட்டும் முயலாதீர்கள். அதே குற்றச்சாட்டு உங்கள் மீதும் பாயும்.