ஓட்டல் சாப்பாடு சரியில்லையா? சொல்லலாம், ஆனால் எப்போது? – வாசகர் கேள்வி பதில்

ஓட்டலில் சாப்பாடு திருப்தியாக இல்லாவிட்டால் குறை சொல்வதா, பேசாமல் பில்லைக் கட்டிவிட்டு எழுந்து வருவதா என்று பல வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: நெய் ரோஸ்ட் கேட்டேன். நடுவில் வெளுத்து, நமத்துப்போய் வந்தது. தேங்காய்ச் சட்னியும் லேசாகப் புளித்தது. வீட்டுக்காரர் "சும்மா இரு, எல்லாரும் பாக்கிறாங்க" என்றார். சாப்பிட்டு முடித்து, கல்லாவில் சொன்னேன். "முழுசா சாப்பிட்டுட்டுச் சொன்னா நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டார் கேஷியர். நான் சொன்னது தப்பா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சொன்னதில் தப்பில்லை. சொன்ன நேரமும் ஆளும்தான் சரியில்லை. கேஷியர் முன்னால் இருப்பது வெறும் பில். அடுப்பு அவர் கையில் இல்லை. காலித் தட்டைப் பார்த்து யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. இரண்டு மூன்று வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கு மேல் சாப்பிட்டால், "பிடிச்சுத்தானே சாப்பிட்டாங்க" என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சர்வரைக் கூப்பிடுங்கள், ஆனால் அவரோடு நிறுத்தாதீர்கள். பில் மெஷினில் ஏறிவிட்ட ஆர்டரை ரத்து செய்யும் அதிகாரம் பெரும்பாலான ஓட்டல்களில் சர்வருக்குக் கிடையாது. சூப்பர்வைசர்தான் செய்ய முடியும். "சூப்பர்வைசரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க" என்று கேட்டால் சர்வருக்கும் நிம்மதி. சின்னக் கடை என்றால் கல்லாவில் இருப்பவரே முதலாளி, நேராக அவரிடமே போகலாம்.

"டேஸ்ட்டே இல்லை" என்று சொன்னால் உள்ளே இருக்கும் மாஸ்டருக்கு எதுவும் விளங்காது. என்ன கோளாறு, உங்களுக்கு என்ன வேண்டும், இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ரோஸ்ட் நடுவில் வேகலை. வேற ஒண்ணு போட்டுத் தாங்க." அல்லது: "இது வேண்டாம், பில்லிலிருந்து எடுத்துடுங்க." ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். என்ன வேண்டும் என்று சொல்லாமல் வெறும் குறையை மட்டும் சொன்னால் "சாரி மேடம்" என்ற பதிலோடு விஷயம் முடிந்துபோகும்.

ரோஸ்ட் நமத்துப்போவதற்குப் பெரும்பாலும் கல்தான் காரணம். கூட்ட நேரத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றும்போது கல்லின் சூடு இறங்கிவிடுகிறது. அது மறுபடி ஏறுவதற்குள் அடுத்த தோசையை வார்த்தால், ஓரம் சிவந்து நடு வெளுத்து நிற்கும். இது நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய குறை, தயங்காமல் திருப்பி அனுப்பலாம். வடை எண்ணெய் குடித்திருந்தாலும் அப்படியே. எண்ணெய் காயாமல் போட்டிருக்கிறார்கள், அடுத்த ஈடு சரியாக வரும். சாம்பாரில் உப்பு அதிகம் என்றால் நிலைமை வேறு. அண்டா முழுக்க அதே உப்புத்தான், இன்னொரு கிண்ணம் கேட்டுப் பயனில்லை. அதற்குப் பதிலாக வேறு பதார்த்தம் கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் கவனிக்க வேண்டியது ரோஸ்ட் அல்ல, சட்னி. மாவு புளித்திருந்தால் நாக்குக்குத்தான் கஷ்டம், உடம்புக்கு ஒன்றுமில்லை. தேங்காய்ச் சட்னி புளித்தால் அது ஊசிப்போக ஆரம்பித்துவிட்டது என்று பொருள். காலையில் அரைத்து வெளியிலேயே வைத்த சட்னி, வெயில் காலத்தில் மதியத்துக்குள் கெட்டுவிடும். ஓரத்தில் நுரை, கரண்டியில் எடுத்தால் லேசாக நூல் விடுவது, மூக்கருகே கொண்டுபோனால் ஊசல் வாடை: இவற்றில் ஒன்று இருந்தாலும் தொடாதீர்கள். அதையும் மெதுவாகச் சொல்லிவிடுங்கள். பக்கத்து மேசைக்கும் அதே வாளியிலிருந்துதான் ஊற்றிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: குறை சொல்லித் திருப்பி அனுப்பினால் உள்ளே எச்சில் துப்பிக் கொடுப்பார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: அப்படி நடக்கவே நடக்காது என்று யாரும் பத்திரம் எழுதித் தர முடியாது. ஆனால் கொஞ்சம் பெரிய ஓட்டலில், திரும்பி வரும் தட்டைப் பார்ப்பவரும் மறுபடி செய்பவரும் வேறு வேறு ஆட்கள். தோசை மாஸ்டருக்கு நீங்கள் யார், என்ன தொனியில் சொன்னீர்கள் என்பதே தெரியாது. வம்பு வருவது குறை சொன்னதற்காக அல்ல, "டேய், இங்க வாடா" என்று கூப்பிட்டதற்காக. அப்படியும் மனசு ஒப்பவில்லை என்றால் மாற்றுத் தட்டு கேட்காதீர்கள், பில்லில் கழித்துவிடச் சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

கேள்வி: சாம்பாரில் கரப்பான்பூச்சியின் கால் கிடந்தது. சர்வர் "வெங்காயத் தோல் சார்" என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்புறம் என்ன செய்திருக்க வேண்டும்?
– வாசகர், கோவை

பதில்: தட்டை விட்டிருக்கக் கூடாது. கை வைக்காமல் முதலில் போட்டோ எடுங்கள். ஒன்று கிட்டத்தில், இன்னொன்று தட்டும் மேசையும் சேர்ந்து தெரிகிற மாதிரி. அதன் பிறகு சூப்பர்வைசர். பணம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னாலும் பில்லைக் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாவிட்டால், நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கே சாட்சி இல்லை.

அந்தப் பில்லில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் பில்லில் அது கட்டாயம். கடைச் சுவரிலும் உரிமத்தை மாட்டியிருக்க வேண்டும். அந்த எண், போட்டோ, தேதி, நேரம் ஆகியவற்றோடு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்புங்கள்.

உங்கள் சாம்பாரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனால் ஆய்வகத்தில் சோதித்துத் தருவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே எடுத்துப்போன உணவில் பூச்சி எப்போது விழுந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆகவே வழக்கு அதில் நிற்பது கடினம். உங்கள் புகாரை வைத்துக்கொண்டு அதிகாரி நேரில் போய்ச் சமையலறையைப் பார்ப்பார், தேவைப்பட்டால் அவரே முறைப்படி மாதிரி எடுப்பார். குறைகளைச் சரிசெய்யச் சொல்லி நோட்டீஸ் தரும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது. உணவில் அந்நியப் பொருள் கிடந்தால் 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அது அரசுக்குப் போகும் பணம். உங்களுக்கு இழப்பீடு வேண்டுமென்றால் அது நுகர்வோர் ஆணையத்தின் வேலை.

நீங்களே கட்டணம் கட்டிச் சோதிக்கவும் 40-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஆனால் வாங்கும்போதே "இதைப் பரிசோதனைக்கு அனுப்பப்போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். பொட்டலத்தில் வரும் நெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் அது ஒத்துவரும். சாப்பிடும்போது பூச்சியைக் கண்டுபிடித்தவருக்கு அதனால் பிரயோஜனமில்லை.

கேள்வி: சாப்பாடும் மோசம், பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜும் போட்டிருந்தார்கள். கட்டித்தான் ஆக வேண்டுமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். சாப்பாடு நன்றாக இருந்தாலும் வேண்டாம். நுகர்வோரைக் கேட்காமல் பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் கொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம். மறுத்தால் அந்தப் பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள்.

இதை ஜி.எஸ்.டி.யோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். சாதாரண உணவகத்தில் அது 5 சதவீதம், மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று பிரிந்து பில்லில் இருக்கும். அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு விதிவிலக்கு: காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டும் எளிய முறை) இருக்கும் சின்ன ஓட்டல்கள் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. பில்லின் தலைப்பில் அந்த வார்த்தையையும் கீழே வரியையும் சேர்த்துப் பார்த்தால் தட்டிக் கேளுங்கள்.

கேள்வி: மதியம் பிரியாணி சாப்பிட்டேன், அன்று சாயங்காலமே வாந்தி. கடைக்காரர் "எங்க பிரியாணி அப்படி இல்ல" என்கிறார். எப்படி நிரூபிப்பது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதலில் உடம்பு. ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், கொஞ்சம் கொஞ்சமாக. குடித்தது எதுவும் நிற்கவில்லை, சிறுநீர் குறைந்துவிட்டது, ரத்தம் போகிறது, கடும் காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை.

வெந்த சோற்றை வெளியிலேயே வைத்திருந்தால் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடுபண்ணினாலும் அழியாது. சாப்பிட்ட 1 முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். மதியம் பிரியாணி, சாயங்காலம் வாந்தி என்பது அதற்குப் பொருந்துகிறது. ஆனால் சால்மோனெல்லா போன்றவை 6 மணி நேரத்திலிருந்து சில நாட்கள் வரை எடுத்துக்கொள்ளும். கடைசியாகச் சாப்பிட்டதுதான் காரணம் என்று எல்லோரும் நினைப்பார்கள், பல சமயம் அதற்கு முந்தின நாளின் சாப்பாடு காரணமாக இருக்கும். அதனால் மூன்று நாட்களில் சாப்பிட்டதையெல்லாம் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள், மலப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.

நிரூபிக்க வலுவான வழி, உங்களோடு சாப்பிட்ட மற்றவர்கள்தான். ஒரே கடையில் ஒரே பதார்த்தத்தைச் சாப்பிட்ட இரண்டு மூன்று குடும்பங்களுக்கு ஒரே மாதிரி வந்திருந்தால் சந்தேகம் பலப்படும். அப்போது அன்றைக்கே உணவுப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள். மறுநாள் சொன்னால் அண்டா கழுவியாகியிருக்கும். சூடாகப் பரிமாறும் உணவை 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவை 5 டிகிரிக்கு மேல் போகாமலும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அதிகாரி தெர்மாமீட்டரோடு போனால் பார்க்கிற முதல் விஷயம் இதுவாகத்தான் இருக்கும்.

கேள்வி: நேரில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து ஆன்லைனில் ஒரு ஸ்டார் போட்டால் போதாதா?
– வாசகி, சேலம்

பதில்: மாஸ்டர் அதைப் படிக்கப்போவதில்லை, உங்கள் ரோஸ்ட்டும் திரும்பி வராது. எழுதுவதாக இருந்தால் தேதி, பதார்த்தம், நீங்கள் சொன்னது, அவர்கள் செய்தது என நான்கையும் எழுதுங்கள். சோதனை முடிவு கையில் இல்லாமல் "விஷம்", "நாய்க்கறி" என்றெல்லாம் எழுதினால் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

கேள்வி: நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: 120 ரூபாய் தோசைக்கு வேண்டாம், உங்கள் பஸ் செலவுக்கே பற்றாது. காதுகுத்துக்கு 200 இலை சொல்லி, 140 இலையோடு சாப்பாடு தீர்ந்துபோனது என்றால் தாராளமாகப் போகலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். கடை எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி போடலாம். ஆனால் மெனுவும் இலைக் கணக்கும் எழுத்தில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். வாயால் பேசிவைத்த மெனுவில் "அசோகா அல்வா சொன்னோம், கேசரி போட்டார்" என்பதை நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும்.

கேள்வி: சாப்பாடு கெட்டுப்போகவில்லை, ஆனால் எனக்குப் பிடிக்கவில்லை. பணம் தர மறுக்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: கூடாது. செட்டிநாட்டுக் குழம்பு காரமாக இருந்தது என்பது குறையே அல்ல. கேட்டது ஒன்று வந்தது ஒன்று, வேகாதது, ஆறிப்போனது, கெட்டது: இந்த நான்குக்குத்தான் மறுக்கலாம்.

கேள்வி: சாப்பாடு மோசமாக இருந்தால் டிப்ஸைக் குறைக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சமைத்தவர் சர்வர் அல்லவே. நீங்கள் சொன்னதும் சூப்பர்வைசரைக் கூட்டி வந்தார், தட்டை மாற்றித் தந்தார் என்றால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சேர்த்தே வையுங்கள். "இதோ வருது சார்" என்று சொல்லிவிட்டுப் பில் வரும்வரை அந்தப் பக்கமே எட்டிப்பார்க்கவில்லை என்றால், மீதிச் சில்லறையை எண்ணிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.