அமெரிக்காவில் சிபிஏ (நம்ம ஊர் சிஏ மாதிரி, உரிமம் பெற்ற கணக்காளர்) லைசென்ஸ் தரும் போர்டுக்கு உறுப்பினர்களை யார் நியமிக்கிறார்கள்? கணக்கே தெரியாதவர்களை ஏன் உட்கார வைக்கிறார்கள்?

நீங்களும் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்தான் என்று நினைக்கிறேன், கேள்வியிலேயே எரிச்சல் தெரிகிறது. மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு. நான் லைசென்ஸ் வைத்திருப்பது கலிஃபோர்னியாவில், அதனால் முதலில் அது.

இங்கே போர்டில் 15 பேர். 7 பேர் சிபிஏ, 8 பேர் பொது உறுப்பினர்கள், அதாவது சிபிஏ அல்லாதவர்கள். சிபிஏ 7 பேரையும் பொது உறுப்பினர்களில் 4 பேரையும் கவர்னர் போடுகிறார் (நம்ம ஊர் ஆளுநர் மாதிரி இல்லை, இவர் ஓட்டு வாங்கி வந்தவர்). மீதி நாலு பேரில் இரண்டு பேர் மாநில செனட்டின் விதிக்குழு தேர்வு, இரண்டு பேர் கீழ்சபை சபாநாயகர் தேர்வு. பதவிக்காலம் 4 வருடம். டெக்ஸாஸிலும் 15 பேர்தான், ஆனால் 10 பேர் சிபிஏ. எல்லோரையும் கவர்னரே நியமிக்க, செனட் ஒப்புதல் தர வேண்டும், 6 வருடம். நியூயார்க்கில் கவர்னருக்கே வேலையில்லை, மாநிலக் கல்வியை மேற்பார்க்கும் ரீஜென்ட்ஸ் போர்டு நியமிக்கிறது.

"கணக்கே தெரியாதவர்கள்" என்று நீங்கள் சொன்னதுதான் என்னை எழுத வைத்தது. போர்டு கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், நான் போயிருக்கிறேன். அன்று லைசென்ஸ் பறிபோன ஒருவர் அதைத் திரும்பக் கேட்டு வந்திருந்தார். சிபிஏ உறுப்பினர்கள் அவர் முடித்த தொடர்கல்வி வகுப்புகளைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் அங்கே இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஒரு பொது உறுப்பினர், அந்த அம்மா, "உங்களால் பணம் இழந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்களா?" என்று கேட்டார். அந்த மனிதரால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த 8 நாற்காலிகள் எதற்கு என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

உடனே "அரசியல் நியமனத்துக்கு வக்காலத்தா" என்று யாரும் வர வேண்டாம். கட்சிக்கு வேண்டியவர்களுக்கும் இடம் கிடைக்கத்தான் செய்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் கூட்ட நாளுக்கு 100 டாலர் படிக்காக யாரும் கூட்டு சேர்ந்து இதைப் பிடிக்கப்போவதில்லை.

அப்புறம், தாமதத்துக்குப் போர்டைத் திட்டுவதற்கு முன் உங்கள் பட்டத்தை மதிப்பிடும் நிறுவனத்தைக் கேளுங்கள். என் மூன்று வருட பி.காமை வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் படுத்திய பாடு கொஞ்சமா? பல்கலைக்கழகத்திலிருந்து சீல் வைத்த கவர் நேராக வரவேண்டும் என்றார்கள், வந்ததும் தொலைத்தார்கள், மறுபடியும் கட்டணம் கேட்டார்கள். அவர்களை யார் நியமித்தார்கள் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.